திருவருகைக் காலத்தில் ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது

கேள்வி:
அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. ஞாயிறு திருப்பலியைத் தவறவிடவில்லை, ஆனால் ஜெபம்தான் வரவில்லை. கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் இந்தத் திருவருகைக் காலத்தையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கலாம் என்று முதல் ஞாயிறு இரவு மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தேன். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைசி இரவில் அம்மா தண்ணீர் கேட்டது, நர்ஸ் கொடுக்கக்கூடாது என்றது, நானும் கொடுக்காமல் நின்றது எல்லாம் வந்துவிட்டது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டேன். பாடல் குழுவில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை. இது விசுவாசக் குறைவா?

பதில் 1:
தினமும் பைபிளில் எசாயா 40ஆம் அதிகாரம் வாசியுங்கள் சிஸ்டர். சமாதானம் தானாக வரும்.

கேட்டவர்:
வாசித்தேன் பிரதர். என் மக்களுக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்று தொடங்குகிறதே, அதைத் தாண்ட முடியவில்லை.

பதில் 2:
திருவருகைக் காலத்தில் ஏற்றும் மெழுகுவர்த்தி வளையம் எப்படி வந்தது தெரியுமா? 1839இல் ஹாம்பர்க்கில் விச்செர்ன் என்ற போதகர் நடத்திய இல்லத்தில், கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் ஓயாமல் நச்சரித்தார்களாம். ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். பொறுமை இல்லாதவர்களுக்காக வந்த பொருள் அது. நாலு நிமிடம் போதும், அணைத்துவிடுங்கள், மறுநாள் ஏற்றுங்கள்.

பதில் 3:
நான் நர்ஸ், பாதி வாழ்க்கை நைட் டியூட்டி. முதலில் தண்ணீர் விஷயம். விழுங்கும் சக்தி போனவர்களுக்கு ஒரு வாய் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத் திணற வைக்கலாம். அதனால்தான் வேண்டாம் என்போம். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் சும்மா விடமாட்டோம். ஈரப் பஞ்சைக் கையில் கொடுத்து உதட்டை நனைக்கச் சொல்வோம்.

அப்புறம் பாட்டு. திருவருகைக் கால ஞாயிறுகளில் திருப்பலியின் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை, கவனித்தீர்களா? கிறிஸ்துமஸ் வரை திருச்சபையே அந்தப் பாட்டை எடுத்து வைத்துவிடுகிறது. பைபிளில் செக்கரியாவும் தன் மகன் யோவான் பிறந்து பெயர் வைக்கும் வரை ஊமையாகத்தான் இருந்தார். ஒத்திகைக்குப் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

நான் பிடித்துக்கொள்வது 130ஆம் சங்கீதம். விடியலுக்குக் காத்திருக்கும் காவல்காரர்களை அது ஒரே வசனத்தில் இரண்டு முறை சொல்கிறது. ஏன் இரண்டு முறை என்று ராத்திரி மூன்று மணிக்கு வார்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியலை யாரும் சீக்கிரம் கொண்டுவர முடியாது. தூங்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். எனக்கு அதுதான் ஜெபம். கண்ணை மூடி மனதை அடக்கும் ஜெபம் எனக்கும் வராது.

கேட்டவர்:
அக்கா, பஞ்சு கொடுத்தார்கள். நனைத்தேன். அம்மா உதட்டால் அதைப் பிடித்துக்கொண்டார்கள், விடவே இல்லை. ஏழு மாதமாக இது எனக்கு ஞாபகமே வரவில்லை.