ரேடியஸ் நிரலகத்தின் அடுத்த வெளியீடு: முத்திரையில்லாத பதிலை இயல்பாகவே மறுக்கலாமா?

நிரற்காவலர் (தொடக்கப் பதிவு)

வணக்கம். ரேடியஸ் என்பது பயனரின் உள்நுழைவை ஒரு மைய சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும் நெறிமுறை. கேள்வி கேட்கும் முனைக்காகச் சி மொழியில் எழுதப்பட்ட சிறியதொரு ரேடியஸ் கிளையன்ட் நிரலகத்தை நானும் இரண்டு நண்பர்களும் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். விபிஎன் சர்வர்கள், பிபிபிஓஇ சர்வர்கள், லினக்ஸ் உள்நுழைவுக்கான பேம் மாட்யூல்கள் ஆகியவை பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்க அதை அழைக்கின்றன. அடுத்த பெரிய வெளியீட்டுக்கு முன் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருப்பதால் உங்கள் கருத்துகளைக் கேட்கிறேன்.

2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற தாக்குதல் வெளியிடப்பட்டது. அதன் எண் சிவிஇ-2024-3596. ரேடியஸில் சர்வர் அனுப்பும் பதில் உண்மையானதுதானா என்பதைப் பதிலின் உள்ளடக்கத்தோடு பகிர்ந்த ரகசியச் சொல்லைக் கடைசியில் ஒட்டி, மொத்தத்துக்கும் எம்டி5 என்ற முறையில் ஹாஷ் (உள்ளடக்கத்தின் சுருக்க அடையாள எண்) கணக்கிட்டுத்தான் கிளையன்ட் சரிபார்க்கிறது. நடுவில் அமர்ந்திருக்கும் ஒருவர், தான் கணக்கிட்ட குப்பைத் தரவை ப்ராக்சி-ஸ்டேட் என்ற பண்புக்குள் (பாக்கெட்டில் உள்ள ஒரு தரவுப் புலம்) வைத்துக் கேள்வியோடு அனுப்பினால், சர்வர் அதை விதிப்படி அப்படியே பதிலில் திருப்பி அனுப்புகிறது. அந்தக் குப்பையின் உதவியால் சர்வரின் மறுப்பான ஆக்சஸ்-ரிஜெக்ட்டுக்கும், அவர் புனைந்த அனுமதியான ஆக்சஸ்-அக்செப்ட்டுக்கும் ஒரே ஹாஷ் அமைந்துவிடுகிறது. ரகசியச் சொல்லும் தெரிய வேண்டியதில்லை, பயனரின் கடவுச்சொல்லும் தெரிய வேண்டியதில்லை.

இதற்கான மருந்து மெசேஜ்-ஆதென்டிகேட்டர் என்ற 80ஆம் எண் பண்பு. இங்கே அதைச் சுருக்கமாக முத்திரை என்று குறிப்பிடுகிறேன். நாங்கள் அனுப்பும் எல்லாக் கேள்விகளிலும் அதைச் சேர்த்துவிட்டோம். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் முத்திரை இல்லாமல் வரும் பதிலை என்ன செய்வது? புதிய வெளியீட்டில் அதை இயல்பாகவே ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

மாவட்ட இணையர்

ஐயா, உங்கள் நிரலகத்தை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அந்த நன்றியோடுதான் எதிர்க்கிறேன். நான் நடத்துவது சிறிய இணையச் சேவை. சந்தாதாரர்களை இணைக்கும் பிபிபிஓஇ சர்வர் லினக்ஸில் ஓடுகிறது, அதில் உங்கள் நிரலகம் இருக்கிறது. மறுமுனையில் உள்ள ரேடியஸ் சர்வரோ, கட்டணக் கணக்கு மென்பொருளோடு சேர்ந்து வந்தது. அதை விற்றவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை. அது முத்திரை அனுப்புவதில்லை, இனி அனுப்பப் போவதும் இல்லை. நீங்கள் சொல்லும் மாற்றம் வந்த இரவில் யாராவது இயங்குதளத்தை மேம்படுத்தினால், காலையில் ஒரு வீட்டிலும் இணையம் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாக்குதலை நிகழ்த்திக் காட்டிய ஆய்வாளர்களுக்கே ஹாஷ் மோதலை, அதாவது இரு வெவ்வேறு உள்ளடக்கங்களுக்கு ஒரே ஹாஷ் அமைவதை, கணக்கிடச் சில நிமிடங்கள் பிடித்தன. என் சர்வர் ஒரு பதிலுக்காக மறுமுயற்சிகளையும் சேர்த்து 30 வினாடிதான் காத்திருக்கும். இரண்டு இயந்திரங்களும் ஒரே ரேக்கில், ஒரே கேபிளின் இரு முனைகளில் இருக்கின்றன. நடுவில் யார் வந்து உட்காரப் போகிறார்கள்? பரவலாகப் பயன்படும் ரேடியஸ் சர்வரான ஃப்ரீரேடியஸின் 3.2.5 வெளியீட்டில் 'ஆட்டோ' என்றொரு இயல்பமைப்பைக் கொடுத்தார்கள்: ஒரு கிளையன்ட் முதல் முறையே முத்திரையோடு வந்தால், அதன் பிறகு அதனிடம் எப்போதும் முத்திரையைக் கேட்கும், இல்லையென்றால் எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும். எத்தனையோ நிறுவனங்களின் உள்நுழைவைச் சுமக்கும் சர்வரே அவ்வளவு நிதானமாக நடந்துகொள்ளும்போது, நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

மறையியலன்

நேரக் கணக்கைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். மோதலைக் கண்டுபிடிக்கும் வேலை பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை. செலவழிக்க ஆள் இருந்தால் நேரம் சுருங்கும். மறுபக்கம், காத்திருப்பு நேரம் எல்லா இடத்திலும் 30 வினாடி இல்லை. கைபேசியில் வரும் அறிவிப்பைப் பயனர் அழுத்திய பிறகே அனுமதிக்கும் விபிஎன்களில், பையிலிருந்து கைபேசியை எடுக்க அவகாசம் வேண்டும் என்பதற்காக ஒரு நிமிடமும் அதற்கு மேலும் வைத்திருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ரேடியஸில் மறுமுயற்சி என்பது பெரும்பாலும் அதே பாக்கெட்டை, கேள்விக்கு முதலில் இட்ட அதே 16 பைட் எண்ணோடு மீண்டும் அனுப்புவதுதான். ஆகவே தாக்குபவருக்குக் கிடைப்பது எல்லா முயற்சிகளின் மொத்த நேரம். பாதுகாப்புக்காகச் சேர்த்த இரண்டாம் படியே கதவைத் திறந்து வைக்கும் நேரத்தை நீட்டுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது.

எம்டி5 பலவீனமானது என்பதும் நேற்றுத் தெரிந்த செய்தி இல்லை. 2004இலேயே அதில் மோதல்கள் காட்டப்பட்டன. 2008இல் அதைக் கொண்டு போலியான சான்றிதழ் ஆணையம் ஒன்றையே உருவாக்கிக் காட்டினார்கள். ரேடியஸின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 2865 வெளியான அதே 2000 ஜூனில்தான் முத்திரையை விவரிக்கும் ஆர்எஃப்சி 2869ம் வெளியானது. மருந்து 24 ஆண்டுகளாக அலமாரியில் இருந்தது. எல்லா உள்நுழைவுகளுக்கும் கட்டாயம் என்று யாரும் சொல்லாததால் பலர் எடுக்கவில்லை. நாமும் விருப்பத்துக்கு விட்டால் அதுவேதான் திரும்ப நடக்கும்.

புதிய வாசகர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். முத்திரையும் எம்டி5ஐக் கொண்டே கணக்கிடப்படுகிறது என்று படித்தேன். ஒன்று உடைந்தால் மற்றதும் உடையாதா?

மறையியலன்

நல்ல கேள்வி. பழைய முறையில் ரகசியச் சொல் கடைசியில் வருகிறது. அதற்கு முன் உள்ள இரண்டு வெவ்வேறு உள்ளடக்கங்களை ஒரே இடைநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், பிறகு எந்தச் சொல்லை ஒட்டினாலும் முடிவு ஒன்றாகத்தான் இருக்கும். அந்தச் சொல் என்னவென்று தெரியாமலேயே மோதலை முன்கூட்டிக் கணக்கிட முடிவது அதனால்தான். முத்திரை எச்மேக் முறையில் அமைந்தது. கணக்கு ரகசியச் சாவியில் இருந்தே தொடங்குகிறது. சாவி தெரியாதவருக்குத் தொடக்கநிலையே தெரியாது, எனவே மோதலைத் தேட இடமே இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. சர்வர் தன் பதிலில் முத்திரையை முதல் பண்பாக வைத்தால், பதில் எப்படித் தொடங்கும் என்பதைத் தாக்குபவரால் முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாத தொடக்கத்துக்கு மோதல் தயாரிக்க முடியாது. ஆகவே புதுப்பிக்கப்பட்ட சர்வரிடம் பேசும் பழைய கிளையன்டுக்கும் ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. இஏபி என்ற நெறிமுறை வழியாகச் செல்லும் வைஃபை உள்நுழைவு இந்தத் தாக்குதலில் சிக்காததற்குக் காரணம், அங்கே முத்திரை முன்பே கட்டாயம். சிக்குபவை பேப், சேப் போன்ற பழைய கடவுச்சொல் முறைகள்.

நிரற்காவலர்

மாவட்ட இணையர் 'ஆட்டோ'வைக் கேட்டார். அதை நானும் எழுதிப் பார்த்தேன். அதற்கான தனி நிரற்கிளை முழுவதும் தயாராக இருக்கிறது. ஏன் கைவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஃப்ரீரேடியஸ் சர்வர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே புராசஸ், அதாவது இயங்கும் நிரல். 'இந்த ஆள் நேற்று முத்திரையோடு வந்தார், இன்று வரவில்லை, எங்கோ கோளாறு' என்று நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு ஒரு நெஞ்சு இருக்கிறது. எங்கள் நிரலகத்துக்கு அது இல்லை. பேம் வழியாக ஒருவர் எஸ்எஸ்எச் மூலம் தொலைவிலிருந்து உள்நுழையும்போது, அந்த உள்நுழைவுக்காகவே ஒரு புராசஸ் பிறக்கிறது, எங்கள் நிரலகம் அதில் ஏற்றப்படுகிறது, ஒரு கேள்வி, ஒரு பதில், புராசஸ் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு உள்நுழைவும் அதற்கு முதல் உள்நுழைவுதான். முதல் முறை முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற விதி, அங்கே எந்த முறையும் பரவாயில்லை என்றாகிவிடுகிறது. உள்ளமைவுக் கோப்பில் 'ஆட்டோ' என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கும் நிர்வாகிக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது. இல்லாத காப்பை இருப்பதாகக் காட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

மாவட்ட இணையர்

இந்தக் கோணத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பிபிபிஓஇ சர்வர் பேம் இல்லை. அதுவும் மாதக்கணக்கில் ஓடுவதுதான். பேமுக்கு உதவாது என்பதற்காக எனக்கு உதவக்கூடியதையும் ஏன் எடுக்க வேண்டும்? அந்த நினைவை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் பேமுக்கும் சரியாகிவிடுமே?

பொதிகட்டுநர்

ஒரு லினக்ஸ் வழங்கலில் இந்த நிரலகத்தைப் பொதியாகக் கட்டுவது என் வேலை என்பதால் கோப்பைப் பற்றி நான் சொல்கிறேன். எந்தப் பயனர் உரிமையில் ஓடுகிறோம் என்று ஒரு நிரலகத்துக்குத் தெரியாது. எஸ்எஸ்எச் ரூட்டாக அழைக்கும், திரைப்பூட்டு சாதாரணப் பயனராக அழைக்கும், இன்னொன்று எழுத முடியாத கோப்பமைப்புக்குள் அழைக்கும். எல்லோரும் எழுதக்கூடிய இடத்தில் வைத்தால், அந்த நினைவை அழிப்பதே தாக்குபவரின் முதல் வேலையாகும். ரூட் மட்டும் எழுதலாம் என்றால் பாதி இடங்களில் வேலை செய்யாது. அடையாளச் சரிபார்ப்பு நிரலகம் ஒன்று வட்டில் எழுதத் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதே சமயம் நிரற்காவலரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் நிலையான வெளியீட்டைப் பயன்படுத்துபவர்கள் பாதுகாப்புத் திருத்தங்களை இரவில் தானாக ஏற்றிக்கொள்கிறார்கள். நடத்தை மாறாது என்று நாங்கள் தரும் வாக்குதான் அதற்கு அடிப்படை. ஒரு முறை அந்த வாக்கு பொய்த்துப் பயனர்கள் வெளியே பூட்டப்பட்டால், அவர்கள் தானியங்கி மேம்பாட்டையே அணைத்துவிடுவார்கள். பிறகு அடுத்த பத்துத் திருத்தங்களும் அவர்களைச் சென்றடையாது. இதை நான் கண்முன்னே பார்த்திருக்கிறேன்.

நிரற்காவலர்

நிலையான வெளியீட்டில் இயல்பமைப்பை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. புதிய பெரிய எண்ணோடு வரும் வெளியீட்டில் மட்டும்தான். எப்படியும் அதில் ஏபிஐ (பிற மென்பொருள்கள் நிரலகத்தை அழைக்கும் முறை) மாறுகிறது, இணைப்புப் பெயரும் மாறுகிறது. அழைக்கும் மென்பொருள்கள் மீண்டும் கம்பைல் செய்யப்பட்டாக வேண்டும். கையைத் தொடாமல் யாரும் அதற்கு மாற முடியாது.

இணையருக்கு என் விடை இது: 'ஆட்டோ' வேண்டாம், வெளிப்படையான விலக்கு இருக்கட்டும். உள்ளமைவுக் கோப்பில் அந்த ஒரு சர்வரின் வரியில் மட்டும் 'முத்திரை தேவையில்லை' என்று நீங்களே எழுதலாம். ஒரே கேபிள், ஒரே ரேக் என்பது உங்களுக்குத் தெரியும், நிரலகத்துக்குத் தெரியாது. தெரிந்தவர் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. எல்லா சர்வர்களுக்கும் ஒரேயடியாக அணைக்கும் வழியைத் தர மாட்டேன்.

மாவட்ட இணையர்

ஒரு வரி எழுதுவது எனக்குச் சுமை இல்லை. எழுத வேண்டும் என்று எப்படித் தெரியவரும் என்பதுதான் என் கவலை. இன்று பதிலின் ஹாஷோ முத்திரையோ பொருந்தாவிட்டால் உங்கள் நிரலகம் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கைவிடுகிறது. எனக்குத் தெரிவதெல்லாம் 'சர்வர் பதிலளிக்கவில்லை' என்ற செய்தி. கேபிளைப் பிடுங்கிச் செருகி, ஃபயர்வாலைக் குடைந்து, கடைசியில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால் பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. ரகசியச் சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளி இருந்ததற்காக ஓர் இரவு முழுவதும் நான் அப்படி உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மறையியலன்

சத்தமில்லாமல் கைவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ரேடியஸ், அனுப்புபவர் யாரென்று சரிபார்க்காத யூடிபி நெறிமுறையில் ஓடுவது. முகவரியைப் போலியாகப் போட்டு யாரும் ஒரு குப்பை பாக்கெட்டை அனுப்பலாம். அதைக் கண்டதும் 'சரிபார்ப்பு தோற்றது' என்று நிரலகம் முடித்துக்கொண்டால், உண்மையான பதில் வருவதற்குள் ஒரே பாக்கெட்டால் எல்லோருடைய உள்நுழைவையும் தடுத்துவிடலாம். கைவிட்டுவிட்டு உண்மையான பதிலுக்காகத் தொடர்ந்து காத்திருப்பதே சரி.

நிரற்காவலர்

இருவர் சொல்வதும் பொருந்தும். தொடர்ந்து காத்திருப்போம், ஆனால் காரணத்தை நினைவில் வைப்போம். நேரம் முடியும்போது, எந்தப் பதிலும் வரவில்லை என்பதற்கு ஒரு பிழை எண். பதில் வந்தது, முத்திரை இல்லாததால் ஏற்கவில்லை என்பதற்கு வேறொன்று. முத்திரை பொருந்தவில்லை, ரகசியச் சொல்லைப் பாருங்கள் என்பதற்கு மூன்றாவது. இரண்டாவது பிழையின் செய்தியிலேயே எந்த சர்வர், எந்த வரியில் விலக்கு எழுத வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். உண்மையில், இந்த மாற்றத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும். இயல்பமைப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வந்திருக்க வேண்டும்.

புதிய வாசகர்

இவ்வளவு சிரமப்படுவதற்கு, இணைப்பு முழுவதையும் மறையாக்கும் டிஎல்எஸுக்கு மாறிவிடலாமே? ரேடியஸை டிஎல்எஸுக்குள் அனுப்பும் முறையை விவரிக்கும் ஆர்எஃப்சி 6614 2012லேயே வந்துவிட்டதாகப் பார்த்தேன்.

நிரற்காவலர்

போக வேண்டிய இடம் அதுதான். 2025இல் வந்த ஆர்எஃப்சி 9765, டிஎல்எஸுக்குள் ஓடும்போது எம்டி5ஐ முற்றிலும் கைவிடவே வழி செய்கிறது. ஆனால் டிஎல்எஸ் பேசாத சர்வர்களிடம்தான் இணையர் போன்றவர்கள் மாட்டியிருக்கிறார்கள். தவிர, ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறையும் பேம் புராசஸ் ஒவ்வொரு முறையும் புதிய டிஎல்எஸ் இணைப்பைத் தொடங்க வேண்டும், சான்றிதழ்களைப் படிக்க வேண்டும். எங்கள் நிரலகம் ஒரு பெரிய டிஎல்எஸ் நிரலகத்தைச் சார்ந்திருக்கத் தொடங்கும். மூன்று பேரால் அதை ஒரே ஆண்டில் பொறுப்போடு முடிக்க முடியாது. யாரேனும் முன்வந்தால் சோதனை நிரல்களில் இருந்து தொடங்கச் சொல்வேன்: பண்பின் நீளம் இரண்டுக்குக் குறைவாக வரும் பாக்கெட், முத்திரை இருமுறை வரும் பாக்கெட் ஆகியவற்றுக்கு இன்னும் சோதனைகள் இல்லை.

மாவட்ட இணையர்

பிழைச் செய்திகள் முதலிலும் இயல்பமைப்பு அடுத்தும் வருவதானால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். இந்த மாற்றங்கள் உள்ள கிளையை என் பழைய சர்வரோடு இணைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பதிவுகளை அனுப்புகிறேன். நீளம் குறைவான பாக்கெட்டுக்கான சோதனையை என்னிடம் வேலை பார்க்கும் தம்பி எழுதுவார். அவருக்குச் சி நன்றாகத் தெரியும்.

பொதிகட்டுநர்

என் மறுப்பு பாதி மட்டும் நீங்கியது. பிழை எண்களை நிலையான வெளியீட்டுக்கும் எடுத்துக்கொள்கிறேன். கண்டிப்பான இயல்பமைப்பு எங்கள் அடுத்த வெளியீட்டில் வரும். ஆனால் பொதியை நிறுவும்போது, பழைய உள்ளமைவுக் கோப்பு இருந்தால், சர்வர்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் அறிவிப்பைக் காட்டாமல் அதை வெளியிட மாட்டேன். அந்தச் சோதனைக்கு ஒரு சிறிய கட்டளைநிரலை நிரலகத்தோடு தர முடியுமா, நிரற்காவலரே? ஒரு சர்வர் பெயரைக் கொடுத்தால் முத்திரை வருகிறதா, முதல் பண்பாக வருகிறதா என்று மட்டும் அது சொன்னால் போதும்.

நிரற்காவலர்

தருகிறேன். சோதனைக்காக எழுதிய நிரல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைத் துப்புரவாக்கி இந்த வார இறுதியில் களஞ்சியத்தில் சேர்க்கிறேன்.