ஞானஸ்நானத்துக்குத் தயார் பண்ண வந்த மார்மன் எல்டர்கள்: உங்க அனுபவம் என்ன?

ஓரமா_நிக்கிறேன்

எல்டர்னா மார்மன் சபையோட இளம் ஊழியக்காரப் பசங்க. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப் பட்டை, ரெண்டு ரெண்டு பேரா வருவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விட்டுடறேன். அக்கா சபையில சேர்ந்தப்போ, சபையைத் தொடங்கின ஜோசப் ஸ்மித்ல ஆரம்பிச்சு தசமபாகம் வரைக்கும் எல்லாப் பாடமும் எங்க வீட்டு ஹால்லதான் நடந்துச்சு. நான் சேரல. ஆனா கூடவே உக்காந்து கேட்டேன். ரெண்டாவது சந்திப்புலயே ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிச்சிட்டாங்க, அதுல எனக்குக் கொஞ்சம் கடுப்பு.

சொல்ல வந்தது ஞானஸ்நானத்துக்கு முன்னாடி நடக்கிற நேர்காணல் நாளைப் பத்தி. பாடம் எடுத்தவங்களே நேர்காணல் எடுக்கக் கூடாதாம். மாவட்டத் தலைவர்னு வேற ஒரு எல்டர் வந்தாரு. தலைவர்னா தலை நரைச்சவர்னு நினைக்காதீங்க, அவருக்கும் இருபது வயசு இருக்கும். வகுப்பறைக்குள்ள அக்காவும் அவரும். வெளிய பெஞ்சுல நானும் நம்ம ரெண்டு எல்டர்களும். அதுல மூத்தவன் ஊழியம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான். கால் ஆட்டுறதை நிறுத்தவே இல்ல. பெஞ்சே ஆடுது.

“பரீட்சை அவளுக்குத்தானே, உனக்கு என்ன?”ன்னு கேட்டேன். சிரிக்கல. “நான் இதுவரைக்கும் யாரையும் தண்ணில இறக்கினதில்ல. உங்க அக்கா என்னைத்தான் இறக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க”ன்னான். கதவு திறந்துச்சு, அக்கா தலையாட்டினா. அவன் எழுந்து சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். தோள் குலுங்குச்சு.

எல்டர்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தரம் இட மாறுதல் வரும்ல, அது அந்த வாரமே வந்துடுச்சு. சனிக்கிழமை ஞானஸ்நானம், அதுக்குள்ள ஆளு போயாச்சு. யாரோ ஒரு உறுப்பினர் அக்காவை இறக்கினாரு. அக்கா இப்போ கூட்டத்துக்கே போறதில்ல. அவனைப் பத்திக் கேட்டா, “எந்தப் பையன்?”ங்கறா. எனக்குத்தான் அந்தப் பெஞ்சு ஆடினது இன்னும் போகல.

கிழக்குச்சன்னல்

நான் பிறந்த சில வாரங்களிலேயே கத்தோலிக்க முறையில் ஞானஸ்நானம் பெற்றவன். அதைச் சொன்னதும் எல்டர் அப்போஸ்தலர் 19-ஐத் திறந்தார். எபேசுவில் யோவானின் ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்களுக்குப் பவுல் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்த இடம். அதிகாரம் உள்ளவர் கொடுத்தால்தான் செல்லும், அந்த அதிகாரம் பூமியிலிருந்து போய்விட்டது, ஜோசப் ஸ்மித் வழியாகத் திரும்ப வந்தது என்பது அவர்கள் வாதம். எனக்குக் கோபம் வரவில்லை. வத்திக்கானும் 2001-ல் இவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒருவர் கணக்கை ஒருவர் ஏற்பதில்லை, அவ்வளவுதான்.

பேச்சு என் பாட்டியிடம் போனது. ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்காதவர், இறந்து வெகுநாள் ஆகவில்லை. “அப்படியானால் என் பாட்டி பெற்றதும் செல்லாதா?” என்றேன். சங்கடப்படுவார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அந்தப் பையன் முகம் மலர்ந்துவிட்டது. “கவலைப்படாதீர்கள், நீங்கள் சேர்ந்த பிறகு எங்கள் ஆலயத்தில், அதாவது ஞாயிறு கூடும் இடமல்ல, சடங்குகளுக்கென்றே தனியாக உள்ள ஆலயத்தில், பாட்டிக்காகவும் செய்யலாம். அவர் சார்பில் இன்னொருவர் தண்ணீரில் இறங்குவார். ஏற்பதும் மறுப்பதும் மறுமையில் பாட்டியின் விருப்பம்.” 1 கொரிந்தியர் 15:29-ஐயும் காட்டினார்.

அன்றோடு பாடங்களை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் கைகுலுக்கி, நன்றி சொல்லிப் போனார். அவமதித்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். மறக்க முடியாதது அந்த முகமலர்ச்சி. தன்னிடம் இருப்பதிலேயே பெரிய பரிசை நீட்டுவதாக மனதார நம்பினார்.

ராக்கோழி

ஓரமா, மனசைத் தொடுற மாதிரி எழுதிட்டீங்க. ஆனா கால் ஆடினது பாசத்துல மட்டும்னு நினைக்காதீங்க. வாராவாரம் கணக்குக் குடுக்கணும் அந்தப் பசங்க: எத்தனை பேருக்குப் பாடம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தாங்க, எத்தனை பேருக்குத் தேதி. எண்ணிக்கை வெறி இந்தச் சபைக்குப் புதுசில்ல. 1960-ஐ ஒட்டின வருஷங்கள்ல பிரிட்டன்ல பேஸ்பால் விளையாட வந்த சின்னப் பசங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் முக்கினாங்க. ‘பேஸ்பால் ஞானஸ்நானம்’னே அதுக்குப் பேரு. சபை வரலாறு எழுதினவங்களே ஒத்துக்கிட்ட விஷயம்.

என் கதை சின்னது. நானும் இப்போ என் மனைவியா இருக்கிறவங்களும் அப்போ கல்யாணம் ஆகாம ஒண்ணா இருந்தோம். கற்புச் சட்டம் பாடம் வந்த அன்னிக்கு, என் வயசுல பாதிகூட இல்லாத பையன், காது ரெண்டும் சிவந்து, தரையைப் பாத்துக்கிட்டே, “ஞானஸ்நானத்துக்கு முன்னாடி நீங்க கல்யாணம் பண்ணிக்கணும், இல்லன்னா தனித்தனியா இருக்கணும்”னு சொன்னான். பக்கத்துல இருந்த தோழன் ஜன்னலைப் பாத்தான். எங்க அப்பாவுக்கே அந்தத் தைரியம் வரல. பண்ணிக்கிட்டோம். அப்புறம் சேர்ந்தோம், அப்புறம் வெளிய வந்தோம், கல்யாணம் மட்டும் நிக்குது.

இப்போ தயாராகிட்டு இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, நேர்காணல் கேள்விகளை முன்னாடியே படிச்சிடுங்க. அது ஒண்ணும் ரகசியம் இல்ல, ஊழியக்காரங்க கையேட்டுலயே அச்சாகியிருக்கு, சபை இணையதளத்துல யாரும் பாக்கலாம். கடவுளை நம்பறியான்னு கேக்கறதோட முடியாது. ஜோசப் ஸ்மித் வழியா சபை மீட்கப்பட்டதுன்னு நம்பறியா, இப்போ இருக்கிற சபைத் தலைவரைத் தீர்க்கதரிசின்னு நம்பறியான்னு கேப்பாங்க. பெரிய குற்றம் செஞ்சதுண்டா, கருக்கலைப்புல பங்கு உண்டான்னும் கேப்பாங்க. அந்த அறைக்குள்ள போய் முதல் தடவையா அதைக் கேக்காதீங்க.

தசமபாகம்னா வருமானத்துல பத்துல ஒண்ணு, அந்த ஒரு மாசத்துக்கு இல்ல, ஆயுசு முழுக்க. வீட்டுக்கு வந்து பிடுங்க மாட்டாங்க, நிஜம். ஆனா அது இல்லாம ஆலயத்துக்குள்ள போக அனுமதிச் சீட்டு கிடைக்காது. நாளைக்குப் பொண்ணு ஆலயத்துல கல்யாணம் பண்ணா, சீட்டு இல்லாத அப்பா வெளிய நிக்கணும். இதைப் பாடத்துல எந்த எல்டரும் எனக்கு எடுத்துச் சொல்லல. சேர்ந்த கொஞ்ச நாள்லயே ஏதாவது ஒரு பொறுப்பும் குடுத்துடுவாங்க, ஞாயிறு உங்களோடது இல்லன்னு வெச்சுக்கோங்க. தேதியை அவங்க சொன்னாலும் தள்ளிப் போடற உரிமை உங்களுக்கு உண்டு. தள்ளிப் போட்டா முகம் வாடும். வாடட்டும்.

தோணிக்காரி

ராக்கோழி அண்ணா, நான் அந்தப் பெயர்ப் பட்டை போட்டவ. சிஸ்டரா, அதாவது பெண் ஊழியக்காரியா, பதினெட்டு மாசம் ஊழியம் செஞ்சிருக்கேன். கணக்கு உண்டு, மறுக்கல. ஆனா கமிஷனுக்கு அலையறவங்க மாதிரி எழுதாதீங்க. சம்பளம் கிடையாது, மாசாமாசம் நாங்கதான், இல்லன்னா எங்க குடும்பம்தான் செலவுக்குக் கட்டுது. கிழக்குச்சன்னல் சொன்ன பாட்டி விஷயத்துலயும் ஒரு விதி இருக்கு: கடைசி 110 வருஷத்துக்குள்ள பிறந்தவங்கன்னா நெருங்கின உறவுக்காரங்க சம்மதம் இல்லாம ஆலயத்துல செய்யக் கூடாது. அந்த எல்டர் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்.

என்னோடது தண்ணி சம்பந்தப்பட்டது. நாங்க பாடம் எடுத்த ஒரு அம்மாவுக்குத் தண்ணின்னா நடுக்கம், தலைக்குக் குளிக்கறப்பவே கண்ணை மூட மாட்டாங்க. தரையில நிக்க வெச்சே ஒத்திகை பார்த்தோம். இடது கையால இறக்கறவரோட மணிக்கட்டைப் பிடிக்கணும், வலது கையால மூக்கைப் பொத்தணும், முட்டியை மடக்கணும், மீதியை அவர் பாத்துப்பார். “ஒரே ஒரு நொடிம்மா”ன்னு நான்தான் வாக்குக் குடுத்தேன்.

அன்னிக்குக் காலையிலயே போய்த் தொட்டியில தண்ணி திறந்து விட்டோம், நிறைய மணிக்கணக்கா ஆகும். வெள்ளை உடுப்போட அவங்க இறங்கினாங்க. இறக்கறவர் வலது கையைச் செங்கோணமா உயர்த்தி, முழுப் பேரைச் சொல்லி, ஜெபத்துல நடுவுல ஒரு வார்த்தையை விட்டுட்டாரு. சாட்சியா நின்னு பாக்கறவங்க செல்லாதுன்னு தலையசைச்சாங்க. வார்த்தை பிசகக் கூடாது, எங்க வேதநூல்கள்ல ஒண்ணான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ 20:73-ல இருக்கிறபடியே வரணும். அடுத்த தரம் வார்த்தை சரி, கால் கட்டைவிரல் மேல வந்துடுச்சு. உடம்பு, முடி, துணி எதுவும் வெளிய தெரியக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்.

இருமிக்கிட்டே எழுந்தவங்க இறக்கினவரைப் பாக்கல, சாட்சிகளைப் பாக்கல. துண்டோட கரையில நின்ன என்னைப் பாத்தாங்க. “ஒரே நொடின்னு சொன்னியே”ங்கற பார்வை. நான், “இன்னொரு தரம்மா”ன்னேன். மூக்கைப் பொத்திக்கிட்டு மறுபடி போனாங்க.

வெளிய வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. சந்தோஷமா பயமான்னு அன்னிக்கும் தெரியல, இன்னிக்கும் தெரியல. மறுநாள் ஆராதனையில தலைமேல கை வெச்சுத் திடப்படுத்தினப்போ அமைதியா உக்காந்திருந்தாங்க. இன்னும் சபையில இருக்காங்க, ராக்கோழி அண்ணா எந்தக் கணக்குல வேணா சேர்த்துக்கலாம்.

ஓரமா, இன்னொண்ணு. மாறுதல் ஆனவங்க ஞானஸ்நானத்துக்குத் திரும்பி வர, அந்தப் பகுதி ஊழியக்காரங்க எல்லாருக்கும் பொறுப்பான மிஷன் தலைவர்கிட்ட அனுமதி கேக்கலாம். தூரத்தைப் பொறுத்துக் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

மேல்மாடி

மனைவி சேர விரும்பினாள். எனக்கு விருப்பமில்லை. கணவன் சம்மதம் இல்லாமல் மனைவிக்கோ, மனைவி சம்மதம் இல்லாமல் கணவனுக்கோ ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எல்டர்கள் இருவரும் என்னைத் தனியாகப் பார்க்க வந்தார்கள். மன்றாடுவார்கள் என்று எதிர்பார்த்து, பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“உங்களுக்குச் சம்மதமா?” என்றான் அவர்களில் ஒருவன். “இல்லை” என்றேன். “சரி, சார்” என்றான். அவ்வளவுதான். தயார் செய்த பதில் ஒன்றுக்கும் வேலையில்லை. சமையலறையிலிருந்து மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவள், “எனக்காக அவன் ஒரு வார்த்தைகூடக் கூடுதலா பேசலியே” என்றாள். கோபம் என்மேல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது அவன்மேல் போனது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ராக்கோழி

மேல்மாடி, அது விதி, அவ்வளவுதான். பெருந்தன்மைன்னு எடுத்துக்காதீங்க. தோணிக்காரி, கமிஷன்னு நான் எழுதவே இல்ல, திரும்பப் படிங்க. காசு வாங்காம எண்ணினாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

புதுத்தடம்

நான் இப்போ தயாராகிட்டு இருக்கேன். பெரிய அனுபவம்லாம் இல்ல. எல்டர் என் வீட்டுல உக்காந்து ஞான வார்த்தை பாடம் எடுத்தான், டீ கூடாது காபி கூடாதுன்னு. எடுத்துட்டு, நான் குடுத்த கோலாவை மடக் மடக்குனு குடிச்சான். நான் என் டீ டப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தேன். கிரீன் டீயாவது பரவாயில்லையா?

தோணிக்காரி

கிரீன் டீயும் டீதான்ப்பா. 2019 ஆகஸ்ட்ல சபையோட இளைஞர் இதழ்லயே தெளிவா எழுதிட்டாங்க. மூலிகைத் தேநீர் குடிக்கலாம்.

ராக்கோழி

ஞான வார்த்தையில 1833-ல ‘சூடான பானங்கள்’ கூடாதுன்னு எழுதினது. ஐஸ் போட்ட டீ கூடாது, கோலா மட்டும் ஆகும். லாஜிக் கேக்காதீங்க.

புதுத்தடம்

ராக்கோழி சொன்ன கேள்விப் பட்டியலைத் தேடிப் படிச்சிட்டேன். ஞான வார்த்தைக்கு அதுல ஒரு வரிதான். அதுக்கு மேல இருக்கிற கேள்விதான் எனக்குப் பிரச்சினை. எதுன்னு இங்க எழுத மாட்டேன்.

தோணிக்காரி

எழுத வேண்டாம். நேர்காணல் எடுக்கிற எல்டர்கிட்டயும் விவரமா சொல்லத் தேவையில்ல. நீங்க “ஆமா”ன்னு சொன்னதும் அவர் அதுக்கு மேல தோண்டக் கூடாது, மிஷன் தலைவர்கிட்ட அனுப்பணும், அதுதான் முறை. தேதி கொஞ்சம் தள்ளிப் போகலாம். தனிச்செய்தி அனுப்புங்க, பேசுவோம்.