உதவி: வண்டி ஹீட் ஆகிறது, வால்வு மாற்றியும் சரியாகவில்லை

கெடிலக்கரை:
நண்பர்களே, அவசரம். கார் ஹீட் ஆகிறது. டெம்பரேச்சர் ஊசி ஏறிப் போய் சிவப்புக்குக் கிட்டே நிற்கிறது, ஆஃப் பண்ணினால் ரிசர்வ் டேங்கில் கொதிக்கிற சத்தம். தெர்மோஸ்டாட் வால்வு (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிறது) நானே வாங்கி மாற்றிவிட்டேன், பேக்கிங்கும் புதுசு, ரேடியேட்டர் மூடியும் புதுசு. இன்னும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரத்தில் கல்யாணம், வீட்டில் எல்லோரும் இதில்தான் போகணும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பானெட்டைக்கூடத் திறக்காமல் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டை இறக்கணும் என்கிறார்கள். வேறு என்ன பார்க்கலாம்?

நெல்லித்தோப்பு_ஸ்பேனர்:
என்ன வண்டி, என்ன வருஷம், பெட்ரோலா டீசலா? எப்போது ஏறுகிறது, ஓடும்போதா நிற்கும்போதா? கூலன்ட் இருக்கிறதா? இது தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பண்ருட்டி_பலா:
வால்வை எதற்கு மாற்றினீர்கள், கழட்டித் தூர எறியுங்கள் நண்பா. குளிர் நாட்டுக்காரன் வைத்த சாமான் அது, நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையே இல்லை. எங்கள் அப்பா அம்பாசடரை வால்வே இல்லாமல்தான் சேலம் வரைக்கும் ஓட்டினார்.

எண்ணெய்ப்பிசுக்கு:
ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற பேக்கிங் போயிருக்கும். சந்தேகமே வேண்டாம். காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள், குமிழ் விடாமல் வந்துகொண்டே இருந்தால் முடிந்தது கதை. ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி மாதிரி படிந்திருக்கிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை உண்டா?

கெடிலக்கரை:
மாருதி எஸ்டீம் 2005, பெட்ரோல். பாண்டிக்குப் போகும்போது ரோட்டில் ஒன்றும் இல்லை, அரியாங்குப்பம் தாண்டி டிராஃபிக்கில் மாட்டினால் ஏறுகிறது. ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது.

மூத்த_மெக்:
எஸ்டீம் என்று சொல்லவே இவ்வளவு நேரம். தம்பி, பானெட்டைத் திறக்கும் முன் ஒர்க்‌ஷாப் மேனுவலைத் திறக்க வேண்டும், யாரும் செய்வதில்லை, சாமானை மட்டும் மாற்றிவிட்டு இங்கே வந்து நிற்பார்கள். உங்கள் ஜி13 இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். அம்பாசடர் வார்ப்பிரும்பு, எதையும் தாங்கும். இது சிவப்பைத் தொட்டு ஓடியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும், அப்புறம் மேலே எதை மாற்றினாலும் வீண்செலவு.

நெல்லித்தோப்பு_ஸ்பேனர்:
சார், அவரைப் பயமுறுத்தாதீர்கள், விஷயம் அவர் வாயிலேயே வந்துவிட்டது. ரோட்டில் போகும்போது காற்று தானாக ரேடியேட்டரில் அடிக்கும். நின்றுவிட்டால் ஃபேன் மட்டும்தான். பம்ப்போ ரேடியேட்டர் அடைப்போ என்றால் வேகத்திலும் மேடு ஏறும்போதும்தான் முதலில் காட்டும். கெடிலக்கரை, ஊசி ஏறும்போது ஃபேன் சுற்றுகிறதா? ஏசி போட்டால்? வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?

டிஎன்31:
பாண்டி எல்லையில் முள்ளோடை பங்கில் பெட்ரோல் போடுகிறீர்களா? இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு பழைய வண்டி எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினைதான். விலை குறைவு என்று எல்லை தாண்டிப் போய்ப் போடுகிறோம், இன்ஜின் போகிறது.

முதலியார்பேட்டை:
பாண்டியில் வரி குறைவு, அதனால் விலை குறைவு. இ20 அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். எங்கள் ஊர் பெட்ரோலைக் குறை சொல்லாமல் கடலூர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது.

டிஎன்31:
நான் ஊரைச் சொல்லவில்லை. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளைத்தான் இ20 தாங்குகிற மாதிரி செய்கிறார்கள். 2005 வண்டியில் ரப்பர் ஹோஸ் என்ன ஆகும்?

முதலியார்பேட்டை:
பெட்ரோல் ஹோஸ் பழசு என்றால் மாற்றிவிடுங்கள், அது நியாயம். சிக்னலில் மட்டும் சூடேறி, வண்டி நகர்ந்ததும் ஆறுகிற பெட்ரோல் எங்கே கிடைக்கிறது?

கெடிலக்கரை:
ஃபேனைக் கவனித்ததில்லை. ஏசியில் கேஸ் இல்லை, போடுவதில்லை. வண்டி தேவனாம்பட்டினம், வீட்டுக்கு வெளியேதான். ஊற்றுவது போர் தண்ணீர்.

மூத்த_மெக்:
போர் தண்ணீர். வாழ்க.

நெல்லித்தோப்பு_ஸ்பேனர்:
சரி, இப்படிச் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டார்ட்டில் விடுங்கள், ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகி, கொஞ்ச நேரத்தில் கீழ் ஹோஸும் சூடானால் வால்வு திறந்துவிட்டது, அதைப் பற்றிய கவலை விட்டது. ஊசி பாதியைத் தாண்டுவதற்குள் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் சிவப்பு வரை விடாமல் ஆஃப் பண்ணிவிட்டு, ஃபேன் மோட்டாரின் பிளக்கை உருவி, பேட்டரியில் இருந்து இரண்டு ஒயரில் நேராகக் கொடுங்கள். கை, லுங்கி எல்லாம் தள்ளி இருக்கட்டும், சட்டென்று கிளம்பும். சுற்றினால் மோட்டார் நல்ல மோட்டார். அப்புறம் ஃப்யூஸ், ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே, அதற்குக் கட்டளை கொடுக்கிற ஸ்விட்ச், எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு). உப்புக் காற்றில் நிற்கிற வண்டி என்பதால் நான் எர்த்தைத்தான் முதலில் பார்ப்பேன்: ஃபேன் ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில் போல்ட்டைக் கழட்டி, ஒயர் முனையில் இருக்கிற உலோக வளையம், அந்த லக்கின் இரண்டு பக்கமும் பாடியின் அந்த இடமும் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை எமரி தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், லக்குக்கு அடியில்தான் அரித்திருக்கும். சூட்டில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

பண்ருட்டி_பலா:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஃபேனுக்கு நேராக ஒரு ஸ்விட்ச் வைத்து டேஷ்போர்டில் மாட்டுங்கள், வால்வை எடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

மூத்த_மெக்:
வால்வு வெயிலுக்கோ குளிருக்கோ வைத்தது இல்லை ஐயா, இன்ஜினுக்கு வைத்தது. வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜின் 80க்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக எரியும். வால்வை எடுத்தால் கம்ப்யூட்டர் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் விடும், மைலேஜ் போகும், ஆயில் கெடும். அம்பாசடரில் கார்புரேட்டர், அதற்கு யாரும் கணக்குப் போடவில்லை.

பண்ருட்டி_பலா:
கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் மெக்கானிக் ஆனதால்தான் வண்டிகள் இப்படி இருக்கின்றன.

எண்ணெய்ப்பிசுக்கு:
எல்லாம் சரி, குமிழ் டெஸ்ட் செய்தாரா இல்லையா? அதைச் செய்யாமல் எர்த் எர்த் என்றால் எப்படி?

டிஎன்31:
ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாடகை வண்டி சொல்லி வையுங்கள், முகூர்த்த நாளில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

கெடிலக்கரை:
ஃபேன் ஓடவே இல்லை. பேட்டரியில் நேராகக் கொடுத்தால் சுற்றியது. எர்த் லக்கில் பச்சை பிடித்து ஒயர் பாதி அறுந்திருந்தது, புது லக் போட்டுத் தேய்த்து மாட்டினேன். இப்போது ஊசி பாதியில் வந்ததும் ஃபேன் ஓடி ஆறி நிற்கிறது, அரை மணி நேரம் ஐடிலில் விட்டுப் பார்த்தாயிற்று. கல்யாண வேலை இருக்கிறது, வருகிறேன். நன்றி அண்ணா.

நெல்லித்தோப்பு_ஸ்பேனர்:
சந்தோஷம். கல்யாணம் முடிந்ததும் அந்தப் போர் தண்ணீரை இறக்கிவிடுங்கள், உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டர் குழாயில் படிந்துகொண்டேதான் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு தடவை அலசி, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி திறந்தபடியே ஓடவிட்டு, ஏர் எல்லாம் போன பிறகு அளவு பார்த்து மூடுங்கள்.

மூத்த_மெக்:
ரிலேயையும் மாற்றச் சொல்லுங்கள். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லி வையுங்கள்.

எண்ணெய்ப்பிசுக்கு:
குமிழ் வந்ததா வரவில்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

சில்வர்பீச்_எஸ்டீம்:
எனக்கும் இதே வண்டி, இதே பிரச்சினை. அந்த எர்த் போல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது, பேட்டரி பக்கமா, ஹெட்லைட்டுக்குப் பின்னாலா? போட்டோ இருந்தால் போடுங்கள்.