போக்கிமான்: ஆர்சியஸா, ஸ்கார்லெட்டா, எதை வாங்கலாம்?

குழுவில் இருக்கிற அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கமுங்க, கோபியிலிருந்து எழுதுகிறேன். அக்கா பையனுக்கு முழுப் பரீட்சை லீவுக்கு ஒரு போக்கிமான் கேம் (போக்கிமான் என்கிற கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சண்டைக்கு விடும் வீடியோ கேம்) வாங்க வேண்டும், எது என்றுதான் குழப்பம். நான் விளையாடியது ஃபயர் ரெட் என்கிற பழைய போக்கிமான் கேமோடு சரி: எட்டு ஜிம் (ஒரு தலைவரோடு மோதும் இடம்), ஜெயித்தால் கிடைக்கும் எட்டு பேட்ஜ், அப்புறம் கடைசியில் எலீட் ஃபோர் என்கிற நான்கு பலசாலிகள். 1996-இல் வந்த முதல் கேமின் பாதையும் அதுதான். 2016-இல் வந்த சன், மூன் கேம்களில் ஜிம்மை எடுத்துவிட்டுத் தீவுக்குத் தீவு சோதனை வைத்தார்கள், பார்த்தவரை அது பழைய வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்த மாதிரிதான்.

2022 ஜனவரியில் வந்த லெஜன்ட்ஸ் ஆர்சியஸ்தான் நிஜமாகவே ஆட்டத்தை மாற்றியிருக்கிறது. புல்லுக்குள் பதுங்கிப் போய், சண்டையே போடாமல் நேராகப் பந்தை எறிந்து பிடிக்கலாம், அசந்தால் போக்கிமான் நம்மையே அடிக்கும். அதே வருஷம் நவம்பரில் ஸ்கார்லெட், வயலெட்: முழுக்கத் திறந்த உலகம், மூன்று கதையையும் கலந்து கட்டிப் போகலாம், ஆனால் ஜிம் தலைவர்களின் லெவல் நமக்கேற்ப மாறாது என்பதால் பையன் தப்பான பக்கம் போய் அடி வாங்கி அழுவானோ என்று யோசனை. 2025-இல் வந்த லெஜன்ட்ஸ் இசட்-ஏ கேமில் மாறி மாறி அடிக்கிற முறையே போய்விட்டது, அது இப்போதைக்கு வேண்டாம்.

வயது பத்து, ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். விளையாடியவர்கள் சொல்லுங்க, எதில் வசனம் குறைவு? நின்டெண்டோ ஸ்விட்ச் (கேம் ஆடும் கருவி) முதல் மாடல்தான் இருக்கிறது. அப்புறம், பழைய (செகண்ட் ஹேண்ட்) கேம் கார்ட்ரிட்ஜை நம்பி வாங்கக் கோவை காந்திபுரம் பக்கம் கடை இருக்குதுங்களா? ஈரோடு, திருப்பூர் என்றாலும் சரி.