பஷீரோட 'நீல வெளிச்சம்': படிச்ச அனுபவமும் பார்த்த அனுபவமும்

மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரோட இந்தச் சிறுகதைய நான் தமிழ்லதான் படிச்சேன். பேய்க்கதைன்னு சொல்லித்தான் கையில குடுத்தாங்க, அதனால எப்போ கொலுசு சத்தம் வரும், எப்போ கதவு தானா திறக்கும்னு பக்கத்துக்குப் பக்கம் எதிர்பார்த்துட்டே போனேன், கடைசி வரைக்கும் அப்படி எதுவுமே வரல. ஆனா முடிச்சப்புறம் லைட்ட அணைக்கத் தோணல.

படிக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். ஒரு எழுத்தாளர் தனியா தங்க வீடு தேடி ஒண்ண வாடகைக்குப் பிடிக்கிறார். குடி வந்தப்புறம்தான் தெரியுது, பார்கவின்னு ஒரு பொண்ணு காதல்ல ஏமாந்து அந்த வீட்டுக் கிணத்துல விழுந்து செத்திருக்கு, அதனால அங்க யாரும் தங்குறதில்ல. இவருக்குப் போறதுக்கு வேற இடம் கிடையாது. அதனால நேரா கிணத்துகிட்ட போய் "பார்கவிக்குட்டி"ன்னு கூப்பிட்டு தன்னை அறிமுகப்படுத்திக்கிறார், என் நிலைமை இப்படி, நான் இங்கதான் இருக்கப் போறேன்னு பேசுறார். கிராமபோன்ல பாட்டு போட்டு அவளையும் கேக்கச் சொல்றார். பதில்னு ஒரு வார்த்தை வராது. நாள் ஆக ஆக அவள கொஞ்சம் கொஞ்சமா மறந்தும் போயிடுறார்.

அப்புறம் ஒரு ராத்திரி மும்முரமா எழுதிட்டு இருக்கும்போது விளக்குல மண்ணெண்ணெய் தீர்ந்துடுது. நண்பர்கள்கிட்ட போய் ஒரு பாட்டில்ல எண்ணெய் வாங்கிட்டுத் திரும்பி வந்து கதவத் திறந்தா, எண்ணெய் இல்லாம அணைஞ்சு போன அந்த விளக்கு எரியுது, ரூம் முழுக்க நீல வெளிச்சம். யார் ஏத்தினாங்க, அந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சு? கதை அவ்வளவுதான். என்னைப் பிடிச்சு ஆட்டினது என்னன்னா, அவர் அவளத் தேடிக் கூப்பிட்டு பேசிட்டு இருந்த நாள்ல எல்லாம் சும்மா இருந்தவ, அவர் மறந்து போய் இருட்டுல எழுத்து பாதியில நின்ன அன்னிக்கு வந்து விளக்கேத்தி வச்சிருக்கா. இதுக்குப் பயப்படணுமா அழணுமான்னே தெரியல எனக்கு.

இத மலையாளத்துல படமா எடுத்தது 1964ல, 'பார்கவி நிலையம்'. திரைக்கதை பஷீரே எழுதினாரு, டைரக்ஷன் ஏ. வின்சென்ட், அவர் டைரக்ட் பண்ணின முதல் படம். நம்ம ஸ்ரீதர் படங்களோட கேமராமேன் அவர்தான். அதே 1964ல வந்த 'காதலிக்க நேரமில்லை'ல நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப்பட கதை சொல்லி நடுங்க வைப்பாரே, அதுக்குக் கேமரா பிடிச்சவரே அந்த வருஷம் நிஜமாவே ஒரு பேய்ப்படமும் எடுத்திருக்கார்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். படம் கருப்பு வெள்ளை, அதனால நீலத்த நாமதான் மனசுல போட்டுக்கணும், வீடும் மரமும் நிழலும் காத்துமா அவர் அந்த இடத்த அப்படி ஒரு ஆளு மாதிரி ஆக்கிடுறார். 2023ல ஆஷிக் அபு 'நீலவெளிச்சம்'னே பேர் வச்சு மறுபடி எடுத்தார், டொவினோ தாமஸ் எழுத்தாளரா வர்றார், கலர்ல அந்த நீலம் நிஜமாவே கண்ணுக்கு வந்துடுச்சு. அழகா இருக்கு, ஒத்துக்குறேன், ஆனா கதையில வாக்கியத்த முடிச்சுட்டு நான் பார்த்த நீலம் அது இல்ல.

உங்களுக்கு எது முதல்ல கிடைச்சுது, கதையா படமா?

*

எனக்குப் படம் தான் முதல்ல, அதுவும் பாட்டு வழியா. "தாமசமெந்தே வருவான்" யேசுதாஸ் பாட்டு, பாபுராஜ் இசை, அத கேட்டு கேட்டு இது எந்தப் படம்னு தேடிப் போய்ப் பார்த்தேன். நடிகர் மது எழுத்தாளரா வர்றார், பிரேம் நசீர் பக்கத்து வீட்டுப் பாடகனா வர்றார், பார்கவியா விஜயநிர்மலா, 'பணமா பாசமா'வுல எலந்தப்பயம் விக்கிறவங்க தான், இதுல அப்படியே வேற ஆளு. அப்புறம் கதையப் படிச்சா பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு, எங்க அந்தப் பாடகன், எங்க அந்த முறைப்பையன் வில்லன்னு தேடிட்டு இருக்கேன்! அந்தப் பாடகனோட காதல், விஷம், கிணத்துல தள்ளிவிட்ட கொலை எல்லாமே படத்துக்காக சேர்த்தது. எனக்கு அது குறையாத் தெரியல, அவளுக்கு ஒரு முகம், ஒரு பாட்டு, அவளுக்காக உருகின ஒருத்தன் எல்லாம் படத்துல தான் கிடைச்சுது.

*

சேர்த்தது பஷீரே தான், அதனால தப்புன்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச உடனே மனசு அவன் எப்ப மாட்டுவான்னு போயிடுது, விளக்க யார் ஏத்தினாங்கங்கற கேள்வி பின்னாடி போயிடுது. கதையில ஆரம்பத்துலயே அந்த எழுத்தாளர் சொல்லிடுவார், இது ஒரு அதிசயக் குமிழி, அறிவியல் ஊசியால குத்திப் பார்த்தேன் உடையலன்னு. படம் கொலைக்கு விடை கண்டுபிடிச்சப்போ அந்தக் குமிழிய பாதி உடைச்சிடுச்சுன்னு தான் எனக்குத் தோணுது. ஆனா 1964 படத்துல ஒரு விஷயம் கதையிலேர்ந்து அப்படியே வந்திருக்கு, மது அந்த ஆளில்லாத வீட்டுக்குள்ள நின்னு அவகிட்ட பேசுற இடம், பாதி பயம் பாதி பாசம். அந்த சீனுக்காகவே இன்னும் ரெண்டு தடவ பார்க்கலாம், ஹெட்போன் போட்டு, முடிஞ்சா ராத்திரியில.