எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்: புள்ளைங்களுக்கு நல்லதா கெடுதலா?

திருப்பூர்அப்பா:
எம்பொண்ணு எட்டாவது படிக்கிறா. போன வருஷம் ஏழாவது ரேங்க் கார்டுல மேத்ஸ் பி1னு இருந்துச்சு, சரி பரவால்லனு விட்டுட்டேன். போன வாரம் கடையில சும்மா உக்காந்திருந்தவகிட்ட முக்கால்ல அரை போனா எவ்ளோம்மா, எழுதிக் காட்டுன்னேன், மேல மூணுல ஒண்ண கழிச்சு கீழ நாலுல ரெண்ட கழிச்சு 2/2ன்னு எழுதுறா. அப்புறம்தான் மார்க்கை உக்காந்து பாத்தேன், வளரறி மதிப்பீடு, அதான் வகுப்புலயே அப்பப்ப போடுற மார்க்கு, 40க்கு 38, பரீட்சை 60க்கு 34, கூட்டுனா 72. சார்ட்ல படம் ஒட்டுனதுக்கும் ஸ்லிப் டெஸ்ட்டுக்கும் சேத்து 38! எப்படியும் பாஸ்னு தெரிஞ்சா யாருக்குங்க படிக்கத் தோணும்? 2024 டிசம்பர்ல மத்திய அரசு விதிய மாத்துச்சு, 5லயும் 8லயும் ஃபெயிலானா ரெண்டு மாசத்துல மறுபரீட்சை, அதுலயும் போச்சுன்னா அதே கிளாஸ். நம்ம தமிழ்நாட்டுல அது வேணாம்னுட்டாங்க, 2025 ஆகஸ்டுல வந்த மாநிலக் கல்விக் கொள்கையிலயும் எட்டு வரைக்கும் ஆல் பாஸ்தான். எனக்கு இது தப்பாப் படுது.

கணக்குடீச்சர்:
சார், நடுநிலைப் பள்ளியில 14 வருஷமா கணக்கு எடுக்கிறேன், உங்க கோவம் நியாயம். ஆனா அந்த 38 தப்பான மார்க்குன்னா திருத்த வேண்டியது அந்த மார்க்கைத்தான், அதுக்கு உங்க பொண்ண ஃபெயிலாக்கி என்ன ஆகப்போவுது? அதே புக்கு, அதே டீச்சர், அதே எட்டாவது பாடம் திரும்ப ஒரு வருஷம். அவளுக்குத் தெரியாதது ஆறாவதுல வர்ற பின்னம், எட்டாவத ரெண்டு தடவ நடத்துனா அது வந்துருமா? 2012ல வருஷத்த மூணு பருவமாப் பிரிச்ச முப்பருவ முறையோட இந்த 40:60 வந்தப்போ சொன்னதே, செயல்பாட்டுக்கு 20, சின்னச் சின்ன டெஸ்ட்டுக்கு 20, புள்ள எங்க தடுக்குதுன்னு அப்பப்பவே கண்டுபிடிச்சு சரி பண்ணணும்னுதான். இந்த 2/2 அந்த ஸ்லிப் டெஸ்ட்லயே மாட்டியிருக்கணும்.

கரிசல்ஹைஸ்கூல்:
டீச்சர், நீங்க எட்டோட அனுப்பிடுறீங்க, ஒம்பதுல வாங்கிக்கிறது நாங்க. எங்கிட்ட வர்றதுல சில புள்ளைங்களுக்கு தமிழ்ப் பத்தியே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருது. எட்டு வருஷம் பாஸ், பாஸ்னு வந்தவனுக்கு பத்தாவதுல முழுப் பரீட்சை, சயின்ஸ்ல 25 பிராக்டிகல் தவிர மத்த நாலு பாடமும் 100க்கு 100 எழுதித்தான் வாங்கணும், அங்க சார்ட் ஒட்டி மார்க் கிடையாது. அவன் ஒம்பதுலயே நின்னுடுறான். அப்ப ஃபெயில் இல்லன்னு சொல்றது ஃபெயில ஒரு வருஷம் தள்ளிப்போடுறதுதானே? எட்டுல ஒரு பரீட்சை கண்டிப்பா வேணும்.

வைகைக்கரை:
சார், எங்க அக்கா எட்டாவதுல ஃபெயில், இந்த ஆல் பாஸ் சட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. அடுத்த வருஷம் தங்கச்சி வயசுப் புள்ளைங்களோட ஒண்ணா உக்கார வெக்கப்பட்டு பத்து நாள் போச்சு, அப்புறம் போகல, எங்கப்பாவும் எதுக்கு இனிமேன்னுட்டார், நேரா மில்லுக்குப் போயிடுச்சு. இன்னிக்கும் பேங்க்ல ஃபாரம் நிரப்ப என்னைத்தான் கூப்புடுது. அதுக்கு மூளை இல்லாம இல்ல, ஒரு வட்டாரத்துப் பூ வியாபாரக் கணக்கு பூரா வாயிலயே வச்சிருக்கு. 2019ல 5க்கும் 8க்கும் பொதுத்தேர்வுன்னு அறிவிச்சாங்கள்ல, அன்னிக்கு ராத்திரி அக்காதான் முதல்ல போன் பண்ணுச்சு, இது நடக்குமாடான்னு. 2020 பிப்ரவரில ரத்து பண்ணாங்க. 13 வயசுல ஃபெயில்னு எழுதிட்டா திரும்பி வர்றதெல்லாம் வசதி உள்ள வீட்டுப் புள்ளைங்கதான்.

கரிசல்ஹைஸ்கூல்:
தம்பி, உங்க அக்கா கதை படிக்கவே கஷ்டமா இருக்கு, மறுக்கல. ஆனா படிக்கத் தெரியாமயே எட்டு முடிச்ச பையனும் அதே மில்லுக்குத்தான் போறான், கையில சர்டிபிகேட் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்குடீச்சர்:
இல்ல சார், வித்தியாசம் இருக்கு. ஸ்கூலுக்குள்ள இருக்கிற புள்ளைக்கு நாம சொல்லிக்கொடுக்க முடியும், மில்லுல இருக்கிற புள்ளைக்கு முடியாது. 2025ல ஆறுலருந்து ஒம்பது வரைக்கும் திறன்னு திட்டம் வந்துச்சே, பின்தங்குன புள்ளைங்கள பிரிச்சு தமிழ், இங்கிலீஷ், கணக்கு அடிப்படை மட்டும் எடுக்கிறது, அதுக்கு வர்ற புள்ளைங்க வகுத்தல் போடுறதை என் கண்ணால பாக்குறேன். இன்னொண்ணும் மனசு விட்டுச் சொல்றேன். 38 ஏன் வருதுன்னா, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் செயல்பாடு பாத்து, ரெஜிஸ்டர்ல எழுதி, எமிஸ்ங்கிற அரசாங்க வெப்சைட்ல ஏத்தணும். ஆறு, ஏழு, எட்டு மூணுக்கும் கணக்கு நான்தான், சயின்ஸ் டீச்சர் லீவுன்னா அதுவும் நான்தான். நேரம் பத்தாம எல்லாருக்கும் 17, 18னு போட்டுட்டுப் போற டீச்சருங்க இருக்காங்க. நானும் ஒரு வருஷம் போட்டிருக்கேன், அது அந்தப் புள்ளைங்களுக்கு நான் செஞ்ச துரோகம்.

திருப்பூர்அப்பா:
டீச்சர், இதை ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. ஃபெயில் பண்ணணும்னு சொன்னத வேணா வாபஸ் வாங்கிக்கிறேன், வைகை தம்பி எழுதுனத வீட்ல படிச்சுக் காட்டுனேன், சம்சாரம் அழுதுருச்சு. ஆனா பரீட்சை வேணும்கிறதுல நான் கரிசல் சார் பக்கம்தான், வெளியாள் திருத்துற பேப்பர் வருஷத்துக்கு ஒண்ணாச்சும் வேணும், நிறுத்தி வைக்க வேணாம், ஆனா உண்மையான மார்க்க எங்கையில குடுக்கணும். பி1ன்னு போட்டு என்னை ரெண்டு வருஷம் தூங்க வெச்சுட்டாங்களே.

கணக்குடீச்சர்:
வெளியாள் திருத்துற பேப்பர்னு ஆரம்பிச்சா அடுத்த வருஷமே எட்டாவதுக்கு டியூஷன் போர்டு தொங்கும் சார், அதுல எனக்கு உடன்பாடு இல்ல. நாளைக்கு ஸ்கூலுக்குப் போயி ஸ்லிப் டெஸ்ட் பேப்பரெல்லாம் காட்டச் சொல்லிக் கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பொண்ணுகிட்ட 2/2ன்னா எவ்ளோம்மான்னு மட்டும் கேளுங்க. முழுசா ஒண்ணுன்னு சொல்லிட்டான்னா, முக்காலே ஒண்ண விடக் கம்மி, அதுல அரை போனா எப்படி ஒண்ணு வரும்னு ஒரு தோசைய நாலாக் கிழிச்சுக் காட்டுங்க, மீதிய அவளே சொல்லுவா.