ஹேங்ஓவர் 2 மாதிரி எங்கட நாடகமும் ஆகிடுமோ? நகைச்சுவை இரண்டாம் பாகம் எழுதுறது பற்றி ஒரு கேள்வி

வெள்ளவத்தை_மேடை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நகைச்சுவை எழுதிப் பழகின ஆக்களிட்ட ஒரு கேள்வி.

'த ஹேங்ஓவர்' (2009), அதின்ட இரண்டாம் பாகம் (2011) ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று பளிச்செண்டு தெரியும். இயக்குநர் அதே டொட் பிலிப்ஸ், ஃபில், ஸ்டூ, அலன் எண்டு அதே மூன்று கூட்டாளிமார், சம்பவ வரிசைகூட மாறேல்ல. தொடக்கத்தில ஃபில் கோல் எடுத்து எல்லாம் பிசகிப் போச்சு எண்டு சொல்றான், கதை பின்னுக்குப் போகுது, கூத்தடிச்ச இரவு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை, விடிஞ்சால் அறைக்குள்ள ஒரு மிருகம், ஒரு ஆளைக் காணேல்ல, கடைசியில ஸ்டூவுக்குத்தான் விசயம் பிடிபடுது, முடிவில ஃபோட்டோக்கள். லாஸ் வேகாஸ் பாங்கொக் ஆச்சு, புலி குரங்காச்சு, ஸ்டூவுக்குப் பல்லுப் போனதுக்குப் பதிலா முகத்தில பச்சை குத்தியாச்சு. முதல் படத்துக்கு விழுந்து விழுந்து சிரிச்ச சனம் இதுக்கு ஏன் பேசாமல் இருக்குது? சாமான் எல்லாம் அதேதானே?

கேக்கிற காரணம், எங்கட குழுவின்ட 40 நிமிச மேடை நாடகத்துக்கு இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறம். முதல் நாடகத்தில வெள்ளவத்தை ஃபிளட் ஒன்றில கலியாணத்துக்கு முதல் நாள் தாலிக்கொடி காணாமல் போகுது. லண்டன் மச்சான், கனடாப் பெரியம்மா, சமையலுக்கு வந்தவர், கீழ நிற்கிற செக்கியூரிட்டி எண்டு ஆளை ஆள் சந்தேகப்படுவினம். கடைசியில பார்த்தால் அம்மம்மா பத்திரமா அரிசி வாளிக்குள்ள வச்சிட்டு மறந்திட்டா. இரண்டாம் பாகத்துக்கு இப்ப இருக்கிற வரைவு இது: மச்சான் லண்டனுக்குத் திரும்பிப் போற நாளில பாஸ்போட்டைக் காணேல்ல, அம்மம்மா ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிருக்கிறா. வாசிக்கும்போதே தட்டையா இருக்கு. எங்க பிழை, எப்பிடித் திருத்துறது?

கதைச்சுருள் எழுதியது:

முதல் ஹேங்ஓவரின் மேல்தோல் பகிடி, உள்ளே ஓடுவது துப்பறியும் கதை. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

காலையில் அந்த ஹோட்டலில் நாம் பார்க்கும் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. குளியலறையில் புலி. அலுமாரிக்குள் குழந்தை. ஃபில்லின் கையில் ஆஸ்பத்திரிப் பட்டி. வெளியே சிலையில் குத்திக்கொண்டு நிற்கும் மெத்தை. தங்கள் காரைக் கேட்டால் பொலிஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கைப்பட்டியை வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அங்கிருந்து கலியாணம் செய்துவைக்கும் இடத்துக்கு, அங்கே ஸ்டூ முன்பின் தெரியாத ஒருத்தியைக் கட்டியிருப்பது தெரிகிறது. விடை கிடைக்கிற நொடிதான் சிரிக்கிற நொடி. புலி யாருடையது என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது மைக் டைசன் வந்து நிற்கிறார்.

அந்த மெத்தையைக் கவனியுங்கள். வேகாஸ் ஹோட்டல்களில் ஜன்னல் திறக்க ஏலாது. அப்படியென்றால் அது கூரையிலிருந்துதான் விழுந்திருக்கும், காணாமல்போன மாப்பிள்ளை டக்கும் கூரையில்தான் இருக்கிறான். ஆரம்பத்திலேயே நம் கண்ணில் பட்ட பொருள்தான் விடை. இரண்டாம் பாகத்தில் காணாமல்போகிற டெடி (ஸ்டூ கட்டப்போகும் பெண்ணின் தம்பி), மின்சாரம் போய் நின்றுவிட்ட லிஃப்டுக்குள் கிடக்கிறான். எழுத்தளவில் இதுவும் மோசமான முடிச்சு இல்லை. ஆனால் தேடுகிற ஆள் அதே கட்டடத்தில்தான் இருப்பான் என்று முதல் படம் பார்த்தவருக்கு முன்பே தெரியும். கேள்வியே இல்லாத இடத்தில் விடையைச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்?

சேதத்தின் அளவும் முக்கியம். ஸ்டூ பல் வைத்தியர், அவருக்கே முன்பல் இல்லை. அது பகிடி, கட்டிவிடக்கூடிய பல். டெடிக்கு 16 வயது, மருத்துவம் படிக்கப் போகிறவன், செல்லோ வாசிப்பதில் கெட்டிக்காரன். அவனுடைய விரல் துண்டாகிப் போகிறது. முதல் படத்தைவிடப் பெரிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று அளவைக் கூட்டும்போது, கூட்டியது பகிடியை அல்ல, வலியை. பார்ப்பவர் ஒருவருக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டால் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவதுதான் என் கணக்கில் பெரிய பிழை, அது அலன். முதல் படத்தில் அவன் கூட்டாளிமாரின் இரவு சந்தோசமாக இருக்கட்டும் என்று நினைத்து மாத்திரையைக் கலக்கிறான், மாத்திரை மாறிவிடுகிறது. நல்லெண்ணத்தில் வந்த நாசம். இரண்டாம் படத்தில் டெடிமேல் எரிச்சல்பட்டு, அவனைப் படுக்கப்போடுவதற்காக மார்ஷ்மெலோவில் மருந்து வைக்கிறான். சம்பவம் ஒன்றுதான், ஆனால் அப்பாவி வஞ்சகக்காரன் ஆகிவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்ன உளறினாலும் பழைய மாதிரிச் சிரிக்க மனம் வருவதில்லை.

கொட்டாஞ்சேனை_ராஜா எழுதியது:

அண்ணா, விளக்கம் நல்லா இருக்கு, ஆனா ஒரு எதிர்க்கேள்வி. முதல் படம் உலகம் முழுக்க 46 கோடி டொலருக்கு மேல எடுத்திச்சு, இரண்டாவது 58 கோடிக்கு மேல. அப்ப சனம் திருப்பிச் செய்யிறதைத்தானே கேட்டிருக்கு? எங்கட பக்கம் 'காஞ்சனா'வைப் பாருங்க. 2011, 2015, 2019 எண்டு மூன்று படம். பேய்க்குப் பயந்த நாயகன், துணைக்கு அம்மா கோவை சரளா, பிறகு பேய் ஏறும், பிளாஷ்பேக், பழிவாங்கல். வரிசை மாறவேயில்லை, குடும்பம் குடும்பமா வந்து சிரிச்சுது. சூத்திரத்தைத் திருப்பினால் படுத்திடும் எண்டு எப்பிடிச் சொல்றது?

கதைச்சுருள் எழுதியது:

வசூல் விசயத்தில் நீங்கள் சொன்ன கணக்குச் சரி. ஆனால் இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுக்க வைத்தது முதல் பாகத்தின் பெயர். இரண்டாம் பாகத்தின் தரத்துக்கான கணக்கு மூன்றாம் பாகத்தில்தான் வரும். 2013இல் வந்த மூன்றாவது 36 கோடிச் சொச்சத்தில் நின்றது. அதில் சூத்திரத்தையே கைவிட்டிருந்தார்கள், கடைசியில் ஒட்டிய ஒரு காட்சியைத் தவிர மறந்துபோன இரவே கிடையாது. அதற்குள் சனத்துக்கு நம்பிக்கை போய்விட்டது. காஞ்சனா பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

பம்பலப்பிட்டி_அக்கா எழுதியது:

ராஜா தம்பி கேட்டது சரியான கேள்வி. எல்லா நகைச்சுவையும் ஒரே விதமாக ஓடுவதில்லை. 'என்ன நடந்தது' என்பதில் ஓடுகிற படத்தைத் திருப்பினால் செத்துவிடும். 'இந்த ஆள் இதற்கு என்ன செய்வான்' என்பதில் ஓடுகிறதைத் திருப்பலாம். காஞ்சனாவில் பேய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், நாயகன் பயப்படுவான் என்றும் தெரியும். வளர்ந்த ஆம்பிளை ராத்திரியில் அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுகிற அந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் சனம் காத்திருக்கிறது. அங்கே எதிர்பார்ப்புதான் சிரிப்பு.

இதைத் தமிழில் அச்சொட்டாகக் காட்டியது கவுண்டமணியும் செந்திலும். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் பெட்ரோமாக்ஸ், 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் வாழைப்பழம். உறவு ஒன்றேதான்: ஒருவருக்குத் தன் கெட்டித்தனத்தில் அசையாத நம்பிக்கை, மற்றவர் அதை வெகுளித்தனத்தால் உடைப்பார். மாறுவது பொருளும் அது உடைகிற விதமும். வாழைப்பழப் பகிடியில் செந்தில் புத்திசாலித்தனமாக எதுவும் செய்யவில்லை. ஒரு பழம் இருக்கிறது, இன்னொன்று எங்கே என்ற ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். அதற்குள்ளேயே எத்தனை தரம் திருப்புகிறார்கள் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கவுண்டமணியின் கோபம் ஒரு படி ஏறுவதால்தான் சலிக்கவில்லை. அதே வாழைப்பழத்தை அடுத்த படத்திலும் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இலங்கை வானொலியில் ஓடிய 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரும் இந்த வகைதான். ராம்தாஸின் மரிக்கார், ராஜகோபாலின் அப்புக்குட்டி, செல்வசேகரனின் உபாலி, அப்துல் ஹமீதின் ஐயர், நான்கு பேரும் நான்கு விதமான தமிழ் கதைப்பார்கள். அந்த நான்கு பேச்சும் ஒன்றோடொன்று முட்டுவதில்தான் பகிடி பிறக்கும், ஆகவே எந்தச் சம்பவத்தைக் கொடுத்தாலும் ஓடும். 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது.

இந்தியில், ரவுடி ஒருவன் மருத்துவம் படிக்கப் போகும் முன்னாபாய் (2003) படத்துக்குப் பிறகு செய்ததும் அதுதான். அடுத்த படத்தில் (2006) முன்னா, அவனுடைய கையாள் சர்க்யூட் இருவரின் உறவை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைத் தூக்கி எறிந்துவிட்டு காந்தியைக் கொண்டுவந்தார் ராஜ்குமார் ஹிரானி. முதல் கதையின் தொடர்ச்சியே இல்லை.

தங்கச்சி, இப்போது உங்கள் நாடகம் எந்த வகை என்று பாருங்கள். தாலிக்கொடி எங்கே என்பது மர்மம். பாஸ்போட் எங்கே என்பதும் மர்மம். ஒளித்தவர் அம்மம்மா என்று முதல் நாடகம் பார்த்த பிள்ளைகூட முதல் நிமிசத்திலேயே சொல்லிவிடும்.

வெள்ளவத்தை_மேடை எழுதியது:

அக்கா, இப்ப விளங்குது. ஆனா அம்மம்மாவையும் பெரியம்மாவையும் பார்க்கத்தான் சனம் வரும், அவையை எடுக்க ஏலாது. பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் 'கனடாவில அப்பிடியில்லை' எண்டு சொல்றதுக்குப் போன தரம் நல்ல கைதட்டல். மர்மத்தை எடுத்தால் 40 நிமிசத்துக்கு என்னத்தை வச்சு ஓட்டுறது?

பம்பலப்பிட்டி_அக்கா எழுதியது:

ஆட்களை எடுக்கவே வேண்டாம். ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: சம்பவம், அந்த நேரம் யாருக்கு என்ன வேண்டும், பார்ப்பவருக்கு அந்த நேரம் என்ன தெரியும், சிரிப்பு எதில். முதல் நாடகத்தைக் காட்சி காட்சியாக நிரப்பிவிட்டுப் புது வரைவையும் பக்கத்தில் நிரப்புங்கள். மூன்றாம் நிரல் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அந்தக் காட்சி விழும். முதல் நிரல் ஒன்றாக இருப்பது அவ்வளவு ஆபத்தில்லை.

உங்கள் கதையில் அந்த மூன்றாம் நிரலை அப்படியே புரட்டலாம். ஐந்தாம் நிமிசத்துக்குள் அம்மம்மா பாஸ்போட்டை எடுப்பதைச் சபைக்குக் காட்டிவிடுங்கள். மறதி இல்லை, பேரனை விட மனமில்லை. இப்போது அவவுக்கு ஒரு ஆசை இருக்கிறது, சபைக்கு ஒரு ரகசியம் இருக்கிறது, மேடையில் நிற்பவர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. வீட்டார் ஓடிப்போய் முதலில் அரிசி வாளியைக் கொட்டட்டும், போன முறை பட்டது அவர்களுக்கும் நினைவிருக்கும்தானே. முதல் நாடகம் பாராதவருக்கும் அது சிரிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் பாஸ்போட் அம்மம்மாவின் சீலை மடிப்பில் இருப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு அதை இடம் மாற்றவேண்டிய நெருக்கடி வரவேண்டும். அம்மம்மா அவசரத்தில் முறுக்கு டின்னுக்குள் போடுகிறா. அந்த டின் மச்சானின் சூட்கேசுக்குள் போகிறது. சூட்கேஸ் 30 கிலோவுக்கு மேல். தராசில் வைப்பதும், டின்னை வெளியே எடுப்பதும், பெரியம்மா திருப்பி உள்ளே வைப்பதும், கருவாட்டை எடுப்பதும், மிளகாய்த்தூள் பக்கெட்டைச் சப்பாத்துக்குள் திணிப்பதும் என்று பத்து நிமிசம் தாராளமாக ஓடும். டின் கை மாறும் ஒவ்வொரு முறையும் அம்மம்மாவின் முகத்தைச் சபை பார்க்கும். செக்கியூரிட்டிக்கு மட்டும் விசயத்தைச் சொல்லிவையுங்கள், அவர் ரகசியத்தைக் காக்கத் தெரியாமல் திண்டாடட்டும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிற வான் கீழே நின்று ஹோன் அடிக்கும். அந்த ஹோன் மூன்று தரம் போதும், நாடகத்தை மூன்றாக வெட்டித் தரும்.

முடிவில் யாரும் கண்டுபிடிக்கக்கூடாது. டின்னைத் திறக்கச் சொல்வதா இல்லையா என்று அம்மம்மாவே முடிவெடுக்கவேண்டும். போன தரம் கதை கண்டுபிடிப்பில் முடிந்தது, இந்தத் தரம் ஒருவரின் தீர்மானத்தில் முடியட்டும்.

கதைச்சுருள் எழுதியது:

தராசு யோசனை அருமை. 'கனடாவில அப்பிடியில்லை' பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பெயர்பெற்ற வசனத்துக்கு இரண்டாம் பாகத்தில் முதல் தரம் கைதட்டல் வரும். அது பழைய நினைவுக்கு வருகிற கைதட்டல், சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் தரம் பாதியாகும். ஆகவே பெரியம்மா ஒரு தரம்தான் சொல்லவேண்டும், அதுவும் முதல் பத்து நிமிசத்துக்குள். அடுத்தது செக்கியூரிட்டி பெரியம்மாவுக்கே சொல்லட்டும். மூன்றாவது தரம் அவ வாயைத் திறக்கும்போது எல்லோரும் அந்த வசனத்தை எதிர்பார்க்க, 'கனடாவிலயும் இப்பிடித்தான் பிள்ளை' என்று சொல்லட்டும். அந்த இடத்தில் நடிகை இரண்டு நொடி நிற்கவேண்டும். சபை சிரித்து முடியுமுன் அடுத்த ஆள் வசனத்தைத் தொடங்கினால் இரண்டும் வீணாகும்.

ஒத்திகைக்கு முதல் நாடகம் பாராத நாலைந்து பேரைக் கூப்பிட்டு இருத்துங்கள். அவர்கள் சிரிக்காமல் உங்கள் ஆட்கள் மட்டும் சிரிக்கிற வரிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள். அதில் இரண்டு அல்லது மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை_ராஜா எழுதியது:

தராசு எண்டால் தொங்கவிடுற கைத்தராசு வேண்டாம், பின்வரிசைக்கு விளங்காது. கீழ வைக்கிற வட்ட முள்ளுத் தராசு ஒன்றை எடுத்து, முள்ளைச் சிவப்புத் தாளால ஒட்டி, சபைக்கு நேரா சாய்ச்சு வையுங்கோ. சூட்கேசுக்குள்ள உண்மையிலயே பாரம் இருக்கவேணும். வெறும் பெட்டியைத் தூக்கிறது கடைசி வரிசைக்கும் தெரியும்.